எழுதியவர் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் நூல் அறிமுகப் பகுதியில் ஒரு திரைப்பட நடிகரின் தன்வரலாற்றைப் பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. இப்படியொரு தேர்ந்த உரைநடைக்காரர் அவருக்குள் ஒளிந்திருந்தது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று விமர்சகர் உருகியிருந்தார். அந்தப் புத்தகம் என் வீட்டில் இருக்கிறது. மருமகள் புத்தகத் திருவிழாவில் வாங்கி வந்தாள். கடைசிப் பக்கத்தில் சமையல்காரருக்கும் கார் ஓட்டுநருக்கும் நடுவே, "என் எண்ணங்களுக்கு வடிவம் தந்த தம்பிக்கு" என்று ஒரு நன்றி இருக்கிறது. தம்பிக்குப் பெயர் இல்லை. விமர்சகர் கண்டெடுத்த உரைநடைக்காரர் அங்கேதான் ஒளிந்திருக்கிறார்.

நான் பாலக்கோட்டில் 31 ஆண்டுகள் பத்திரம் எழுதியவன். கிரயம், தானசெட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை என்று அடுத்தவர்களின் "நான்" எழுதியே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். ஆகவே ஒருவருக்காக இன்னொருவர் எழுதுவதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் 2 சென்ட் நிலத்துப் பத்திரமாக இருந்தாலும் அதன் முடிவில் எழுதியவன் பெயரும் உரிம எண்ணும் இருந்தாக வேண்டும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆள் வேண்டுமே. 600 ரூபாய்ப் புத்தகத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது போலிருக்கிறது.

இப்படிப் பெயர் போடாமல் பிறருக்கு நூல் எழுதிக்கொடுப்பவர்களைச் சிலர் "பேய் எழுத்தாளர்" என்கிறார்கள், 'கோஸ்ட் ரைட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து. என்னைப் பத்திரம் எழுத வந்தவர்கள் எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறார்கள். பேய் என்று ஒருவரும் சொன்னதில்லை.

வெளிநாட்டிலும் இதே வழக்கம்தான். பிரிட்டிஷ் இளவரசர் ஹாரியின் தன்வரலாறு 2023 ஜனவரியில் வந்தபோது, முன்பதிவையும் சேர்த்து முதல் நாளிலேயே 14 லட்சம் பிரதிகள் போயின. எழுதிக்கொடுத்தவர் ஜே.ஆர். மோரிங்கர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். அட்டையில் அவர் பெயர் இல்லை. டென்னிஸ் வீரர் அகாசியின் நூலையும் 2009இல் எழுதியவர் அவரே. பெயரை அட்டையில் போடலாம் என்று அகாசி சொன்னபோது, மருத்துவச்சி பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போவதில்லை என்று மறுத்துவிட்டாராம். அழகான பேச்சுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் மருத்துவச்சி யார் என்பது ஊருக்கே தெரியும். என்னை எடுத்த கிழவியின் பெயரை என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே மோரிங்கர், ஹாரியோடு நடுநிசியில் காணொளி அழைப்பில் குரல் உயர்த்திச் சண்டை போட்டதையும் எழுதியிருக்கிறார். தான் சொன்ன ஒரு பதிலடியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று இளவரசர் நிற்க, கதைக்கு அது ஆகாது என்று இவர் நிற்க, கடைசியில் இளவரசர்தான் இறங்கிவந்தார். இந்தச் சண்டையை நான் அறிவேன். எனக்கு நடந்தது நேர்மாறாக.

பத்திரம் எழுதி முடித்ததும் உரியவருக்குப் படித்துக் காட்டுவோம். தக்காளி மண்டியில் கூடை தூக்கிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, தன் வீட்டை இளைய மகளுக்கு எழுதிவைக்க வந்திருந்தார். "உன் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று வழக்கமான வாசகத்தைப் படித்தேன். நிறுத்தச் சொன்னார். "அன்பு பெரியவள் மேலும்தான் இருக்கிறது. நான் படுக்கையில் கிடந்த 8 மாதமும் என் துணியை அலசிப் போட்டவள் இவள். அதை எழுதுங்கள் ஐயா" என்றார். முத்திரைத்தாள் வீணாகிவிடுமே என்று வரிக்கு மேலே நுணுக்கி எழுதிச் சேர்த்து, திருத்தத்துக்கு அவரிடம் தனியாகக் கைநாட்டு வாங்கினேன். 31 ஆண்டில் எழுதியவற்றில் இன்றும் எனக்கு மனப்பாடமாக இருக்கும் வரி அது ஒன்றுதான்.

நடிகரின் நூலில் அப்படி நிறுத்தச் சொன்னவர் யாரும் இல்லை. மாட்டுக்குத் தீவனம் அள்ளிப் போட்டுக்கொண்டே அவருடைய தாயார், "வாழ்க்கை ஒரு பயணம் மகனே" என்கிறார். எந்த ஊரில் எந்தத் தாய் இப்படிப் பேசுகிறாள்? வழக்கமான வாசகத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தம்பியைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவருக்கு எத்தனை நாள் கொடுத்தார்களோ.

பெயரைப் போட்டால் பிரபலத்தின் மதிப்புக் குறையும் என்பார்கள். 'அக்னிச் சிறகுகள்' நூலின் ஆங்கில மூலம் 1999இல் வந்தபோது அப்துல் கலாமோடு அருண் திவாரியின் பெயரும் சேர்ந்தே இருந்தது. கலாம் எதில் குறைந்துபோனார்? 2024இல் கிரிக்கெட் வீரர் அஸ்வினின் நூலும் சித்தார்த் மோங்காவின் பெயரோடுதான் வந்தது.

தாங்கள் பதிப்பகம், பக்கம், விலை போடும் கட்டத்தில் "எழுத்து: இன்னார்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். தெரியாவிட்டால் பதிப்பகத்தாரைக் கேட்டுப் போடலாம். நடையைப் பாராட்டும்போது பாராட்டு அந்த ஆளுக்குப் போகட்டும். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் பெயரைப் பார்த்துத்தான் அடுத்த பத்திரத்துக்கு என்னைத் தேடி வந்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.

இக்கடிதம் என்னால் எழுதப்பட்டது. தட்டச்சு செய்தது என் பேத்தி. மூன்றாவது பத்தியில் ஒரு வரியை அவள் நீக்கச் சொன்னாள்; நீக்கிவிட்டேன்.