ஆறு அச்சுச் சட்டத்துக்கும் அரைச் சக்கரத்துக்கும் பேர் சொன்னவர்களுக்கு நன்றி

அன்பு உள்ளங்களுக்கு வணக்கம்.

அண்ணன் செய்த விண்கப்பல் மாடல் போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் முழுதாகிவிட்டது. கூடத்தில் பழைய தையல் மேசை மேல் அதைத் தூக்கி வைத்தோம். அண்ணி சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து, கப்பலுக்கு முன்னால் ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். உங்களில் பலரிடம் நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் யார் யார் என்ன செய்தீர்கள் என்பது ஒருவருக்கொருவர் தெரியாது. அது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். அண்ணன் பால் மரம் வெட்டினார். விடியுமுன் வெட்டுக்குப் போய், பாலை எடுத்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு, மத்தியானம் வீடு திரும்பியதும் குளித்துச் சாப்பிட்டு, வாசல் திண்ணையில் மாடல் கிட்டுகளோடு (பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சேர்க்கிற பெட்டிகள்) உட்கார்ந்துவிடுவார். அவை ஈப்போவில் வாங்கியவை. டாங்கி, பீரங்கி, ரேஸ் கார். ஆனால் டாங்கி கிட்டை வாங்கி அவர் ஒரு நாளும் டாங்கி கட்டியதில்லை. சக்கரத்தைத் தனியாக, மூடியைத் தனியாக, ஏணியைத் தனியாக வெட்டி எடுத்து, நாலு அடி நீளப் பலகை உடம்பின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டுவார். இப்படி 1984 முதல் மூன்று வருடம்.

இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, அதை அவரே சொல்வார். ஈப்போவில் ‘ஸ்டார் வார்ஸ்’ பார்த்துவிட்டு வந்தவர், பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஓர் ஆங்கில சினிமா இதழில் அந்தக் கப்பல்கள் எப்படிச் செய்யப்பட்டன என்று படித்தார். அந்தப் படத்துக்காக 1975-இல் கலிபோர்னியாவின் வேன் நைஸில் ஒரு கிடங்கில் தொடங்கியதுதான் இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற சினிமாத் தந்திரக்காட்சி நிறுவனம். அங்கே மாடல் செய்தவர்கள் கடையில் விற்கும் கிட்டுகளைக் குவியலாக வாங்கி, வேண்டிய துண்டுகளைப் பொறுக்கிக் கப்பல் மேல் ஒட்டினார்கள். அந்தத் துண்டுகளுக்கு ‘கிரீப்ளி’ என்று பேர். அதற்கு முன்பே, 1968-இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யின் 54 அடி நீள டிஸ்கவரி கப்பலிலும் கிட் துண்டுகள் உண்டு. 1972-இல் வந்த ‘சைலன்ட் ரன்னிங்’ படத்துக் கப்பலுக்கு நூற்றுக்கணக்கான டாங்கி கிட்டுகள் போயின. காரணம் எளிமையானது. வழவழப்பான ஒரு பெட்டியைத் திரையில் பார்த்தால் அது பெட்டிதான். அதன் மேல் நூறு சின்னச் சின்ன விளிம்பும் குழாயும் போல்ட்டும் இருந்தால், கண் அதைப் பெரியதாக எடுத்துக்கொள்கிறது. அத்தனை நுணுக்கத்தையும் கையால் செதுக்க ஆளும் இல்லை, நாளும் இல்லை. தொழிற்சாலை அச்சில் வார்த்த துண்டு கூர்மையாகத் தயாராகவே கிடைக்கிறது.

சரி, கப்பல் உடைந்த கதைக்கு வருகிறேன். லயத்தை இடித்து எங்களை வேறு வீட்டுக்கு மாற்றிய நாளில், லாரியில் ஏற்றிய அலமாரி சரிந்து கப்பலின் இடது பக்கத்தில் விழுந்தது. அண்ணன் அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருடம் சரிசெய்யலாம் என்பார், அதற்கும் அடுத்த வருடம் என்பார். 2011-இல் போய்விட்டார். எந்தத் துண்டு எந்தக் கிட்டிலிருந்து வந்தது என்று அவர் எழுதி வைக்கவே இல்லை. எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது.

முதல் நன்றி என் அண்ணிக்கு. லாரித் தளத்தில் சிதறியதை அன்றைக்கே அவர் கையால் கூட்டி அள்ளி, ஒரு மைலோ டின்னில் போட்டு, சாமி அலமாரிக்குக் கீழே வைத்திருந்தார். எனக்கே அது தெரியாது. கப்பலைச் சரிசெய்யப் போகிறேன் என்று சொன்ன அன்று அந்த டின்னை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். மொத்தம் 143 துண்டுகள். சில அரிசி அளவு. அவற்றைக் கூட்டும்போது தூசி என்று தள்ளாமல் பொறுக்கியிருக்கிறார் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

ஒட்ட முடிந்ததை ஒட்டினேன். ஆனால் ஒடிந்த இடத்தில் மீதிப் பாதி காணாமல் போயிருந்தால், அது என்ன என்று தெரிந்தால்தான் இன்னொன்று தேட முடியும். கிட்டில் துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில், ரன்னரில், தொங்கிக்கொண்டு வரும். எண் அந்த ரன்னரில்தான் இருக்கும், துண்டில் இருக்காது. வெட்டி எடுத்த பிறகு அதற்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. மேலே சாம்பல் பெயின்ட் வேறு. ஒடிந்த விளிம்பில் தெரியும் பிளாஸ்டிக்கின் சொந்த நிறம், உள்பக்கத்தில் வார்ப்பச்சிலிருந்து துண்டை வெளியே தள்ளிய ஊசியின் வட்டத் தழும்பு, இவைதான் தடயம். பக்கத்து வீட்டுப் பாப்பா (ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள்) ஒரு பள்ளி விடுமுறை முழுவதும் உட்கார்ந்து, 143 துண்டையும் ஒடிந்த விளிம்பின் நிறம் பார்த்து முட்டைத் தட்டுகளில் பிரித்துக் கொடுத்தாள். ஒரே பச்சை, ஒரே மஞ்சள் என்று ஒன்று சேர்ந்தவை பெரும்பாலும் ஒரே கிட்டாக இருந்தன. பாப்பா, உன் வேலையில் ஆரம்பித்ததுதான் மற்றதெல்லாம்.

அப்புறம் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா. இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கப்பலின் இடுப்பில் நீளவாக்கில் ஒரு துண்டு இருந்தது. விரல் நீளம்கூட இல்லாத சட்டம். அதில் வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு குமிழ். மூன்று பெட்டிகள் மிச்சம், பிறகு ஒடிந்திருந்தது. வலது பக்கத்தில் இதே துண்டு முழுதாக இருந்தது. அதில் ஆறு பெட்டிகள். டாங்கியின் பக்கவாட்டுச் சட்டம் என்று நானே முடிவு கட்டி இரண்டு வருடம் டாங்கிப் படங்களையே தேடினேன். ஒரு நாள் கோப்பிக்கடையில் மாமாவிடம் அதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துண்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். நகத்தால் ஒரு குமிழைத் தொட்டார்.

“இது டாங்கி இல்லடா தம்பி. ரயிலு. இந்தப் பெட்டிக்குள்ளதான் சக்கரத்தோட அச்சு முனை உட்காரும். எண்ணெய் போட்டுப் போட்டு என் கையே கறுத்துப் போச்சு, எனக்குத் தெரியாதா?”

ஆறு பெட்டி என்றேன். அவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டார். ஒரே சட்டத்தில் ஆறு அச்சு என்றால் அது ஆள் ஏற்றும் வண்டி இல்லை, சரக்கு வண்டியும் இல்லை, தாங்க முடியாத பாரம் எதையோ சுமக்கிற வண்டி என்றார். அன்று இரவே அதன் பேர் கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் வைத்திருந்த 28 சென்டிமீட்டர் கே5 ரயில் பீரங்கி. முன்னால் ஆறு அச்சு, பின்னால் ஆறு அச்சு. மொத்த எடை 218 டன். வகுத்துப் பார்த்தால் ஓர் அச்சுக்கு 18 டன். மாமா சொன்னது அப்படியே சரி. 1944-இல் இத்தாலியில் அமெரிக்கர்களிடம் பிடிபட்ட இந்த வகைப் பீரங்கி ஒன்றின் பேர் லியோபோல்ட். அதே பேரில் ஹசேகவா நிறுவனம் 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காக, கிட் போட்டது. அந்தக் கிட்டைச் சினிமா மாடல்காரர்களும் வெட்டிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர்கள் கை வைத்த பெட்டியில்தான் எங்கள் தோட்டத்து லயத்தில் அண்ணனும் கை வைத்திருக்கிறார். மாமா, நீங்கள் அந்தக் குமிழைத் தொடாவிட்டால் நான் இன்னும் டாங்கிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பேன்.

கடைத்தெரு பத்தர் அண்ணனுக்கு அடுத்த நன்றி. தாலிக்கொடி வேலை நெருக்கிக்கொண்டிருந்த மாதத்தில், பாதியாக உடைந்த ஒரு சக்கரத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். கப்பலின் இயந்திரவாயில் அது அண்ணனுக்கு விசிறி மாதிரி பயன்பட்டிருந்தது. உடைந்த பாதியில் முழு விட்டத்தை அளக்க முடியாது. அவர் அதைத் தாளில் வைத்து வளைவை வரைந்து, மோதிர அளவு பார்க்கிற பழக்கத்தில் மையத்தைக் கண்டுபிடித்து, 24.5 மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தார். 1/35 அளவு டாங்கி கிட் என்று வைத்து அதை 35-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 860. பேந்தர் டாங்கியின் சக்கர விட்டம் 860 மில்லிமீட்டர். டைகர் டாங்கிக்கு 800. டைகராக இருந்தால் 23-ஐக்கூடத் தொட்டிருக்காது. 1/35 அளவுப் பேந்தர், அல்லது அதே அடிச்சட்டத்தில் செய்த யாக்ட்பேந்தர் என்று அங்கேயே முடிவானது. கூலி கேட்டேன். ‘உங்க அண்ணன் என் கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டினவரு’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

பேர் தெரிந்த பிறகு பொருள் வேண்டும். ஈப்போவில் பழைய விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் டவுக்கே, மாடியில் விற்காமல் கிடந்த பெட்டிகளை நானே திறந்து பார்க்க விட்டார். இரண்டு பெட்டி பேந்தருக்கு வாங்கின விலைக்கு மேல் ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை. அவருக்குத் தமிழ் படிக்க வராது. கடையில் வேலை செய்யும் தங்கச்சி இதை அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கிள்ளானிலிருந்து முகம்கூடப் பார்க்காத ஒரு தம்பி, தன்னிடம் மிச்சமிருந்த லியோபோல்ட் ரன்னர் ஒன்றைப் பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்து அனுப்பினார். அஞ்சல் செலவைத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறார். தம்பி, சுங்கை சிப்புட் பக்கம் வந்தால் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

எங்கும் கிடைக்காத ஒன்பது துண்டுகளைப் பல் கட்டும் இடத்தில் வேலை செய்யும் அக்கா வார்த்துக் கொடுத்தார். வலது பக்கத்தில் நல்லபடியாக இருந்த துண்டிலிருந்து சிலிகான் அச்சு எடுத்து, அதில் ரெசின் ஊற்றி, காற்றுக் குமிழி வராமல் அழுத்தப் பானையில் வைத்து எடுத்தார். சினிமாப் பட்டறைகளிலும் ஒரு நல்ல துண்டு அடிக்கடி தேவைப்பட்டால் இப்படித்தான் அச்சு எடுத்து வார்த்துக்கொண்டார்கள். முதல் தடவை ஒரு குமிழ் சரியாக வரவில்லை. எனக்கு அது தெரியக்கூட இல்லை. அக்கா பார்த்துவிட்டு, நான் தடுத்தும் கேட்காமல், ஒன்பதையும் மறுபடி வார்த்தார்.

புதுத் துண்டுகளுக்கு நான் சாம்பல் பெயின்ட் அடிக்கவில்லை. அண்ணி அப்படி விடச் சொன்னார். எது அண்ணன் ஒட்டியது, எது நீங்கள் கொடுத்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்றார். அதனால் கப்பலின் இடது பக்கத்தில் இப்போது பச்சையும் மஞ்சளும் ரெசினின் வெளிர் ரோஸ் நிறமும் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அண்ணியே ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுகிறார்: இது ரயில்வே மாமா, இது பத்தர் தம்பி, இது கிள்ளான் பிள்ளை.

ஒரே ஒரு துண்டுக்கு மட்டும் இன்னும் பேர் கிடைக்கவில்லை. 11 மில்லிமீட்டர் நீளம், கரும்பச்சை, ஒரு பக்கம் வட்டமாகவும் மறுபக்கம் சதுரமாகவும் முடிகிறது, நடுவில் மூன்று துளைகள், அதில் ஒன்று மட்டும் பெரியது. கப்பலில் எந்த இடம் என்றும் தெரியவில்லை. பார்த்த ஞாபகம் யாருக்காவது இருந்தால் எந்த நேரமானாலும் வீட்டுக்கு வாருங்கள். அண்ணி அதைப் பத்திரமாக அந்த மைலோ டின்னிலேயே வைத்திருக்கிறார்.