சேர்க்கைக்குப் பிறகும் சம்மதம் வேண்டும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. உன் தங்கை மகனை அவன் விருப்பத்தை மீறி மனநல மருத்துவமனையில் சேர்த்தது சட்டப்படி செல்லுமா என்று கேட்டிருக்கிறாய். நான் வக்கீல் தொழிலை விட்ட பிறகும் இப்படி விடாமல் கேட்பவன் நீ ஒருவன்தான்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கட்டாயச் சேர்க்கையை ஒழித்துவிடவில்லை. ஆனால் 89ஆம் பிரிவின்படி, அவன் அண்மையில் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் வகையில் நடந்திருக்க வேண்டும், அல்லது தன்னைப் பேணிக்கொள்ள இயலாமல் ஆபத்தான நிலையில் இருக்க வேண்டும். அத்துடன், மனநல மருத்துவர் ஒருவரும் மற்றொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ அவனைத் தனித்தனியே பரிசோதித்து, இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வழி இல்லை என்று சான்றளிக்க வேண்டும். "வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை" என்று உன் தங்கை சொல்வது உண்மையாகவே இருக்கலாம்; சட்டத்தில் அது காரணமாகாது.

சேர்த்துவிட்டால் எந்தச் சிகிச்சையையும் கொடுக்கலாம் என்று குடும்பத்தார் நினைப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறன் அவனுக்குத் திரும்பிவிட்டதா என்று 7 நாட்களுக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். திரும்பியிருந்தால் அவன் சம்மதமே சம்மதம். 30 நாட்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் இரண்டு மனநல மருத்துவர்களின் சான்றும் இந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் தேவை. அதற்கு முன்பே அவன் வாரியத்திடம் முறையிடலாம்.

ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று எரிந்த மனநோயாளிகள் காப்பகக் கொட்டகையில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மாண்ட 28 பேரில் பலரைக் கொண்டுவந்து விட்டவர்களும் சொந்தக்காரர்கள்தாம், குணமாகும் என்று நம்பித்தான். இன்றைய சட்டம் 95ஆம் பிரிவில் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. உறவினரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நோயாளியை விட்டுவிடக் கூடாது என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அவன் தெளிந்து வீடு திரும்பியதும், தனக்கு நம்பிக்கையான ஒருவரைச் சிகிச்சை முடிவுகளில் தனக்குத் துணைநிற்கும் பிரதிநிதியாக நியமித்து வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திடச் சொல். அது தந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீயாகவும் இருக்கலாம், ஆனால் நீயும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த முறை எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையும் அவன் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அவசரச் சிகிச்சையை மட்டும் அது தடுக்காது.

சேர்க்கைச் சான்றுகளின் நகல்களை வாங்கி அனுப்பு. தேதிகளை நான் சரிபார்க்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்