லடாக்கின் லேயிலிருந்து செல்வத்துக்கு

டேய் செல்வம்,

நலம். மீனா, பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகப் பழனி சொன்னான். நான் கேட்டதாகச் சொல். பனி விலகியதும் இங்கே ரோட்டு வேலை சூடுபிடித்துவிட்டது, அதுதான் எழுதவில்லை.

உன் டூர் பிளானைப் பார்த்தேன். டெல்லியிலிருந்து காலை ஃபிளைட்டில் லே, மதியமே ஊர் சுற்றல், மறுநாள் விடிந்ததும் புல்லட்டில் கர்துங் லா கணவாய், அதற்கடுத்த ராத்திரி பாங்காங் ஏரிக்கரையில் கூடாரம். ஏட்டையாவும் கேட்டரிங் சுந்தரமும் வேறு வருகிறார்களாம்! கொடைக்கானலில் அந்த இரண்டு பேரையும் ஒரே ரூமில் போட்டு நாம் பட்டது உனக்கு மறந்துபோச்சா?

"கொடைக்கானலே பார்த்தாச்சு, மலை என்ன புதுசா" என்று எழுதியிருக்கிறாய். கொடைக்கானல் 7,000 அடி. லே 11,500 அடி. கர்துங் லா போர்டில் ரொம்ப நாளாக 18,380 அடி என்று போட்டிருந்தார்கள், எல்லாரும் அதோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள், உண்மையான அளவு 17,582 அடி. அதுவே போதும். அங்கே காற்றழுத்தம் மதுரையில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குத்தான். நீ மூச்சுத் திணறலுக்குப் பயந்து ஆக்சிஜன் கேன் வாங்கி வைத்திருக்கிறாய். எனக்குப் பயம் அதில் இல்லை. மூச்சு வாங்கினால் மனுஷன் தானாகவே உட்கார்ந்துவிடுவான். புத்தி தடுமாறினால் அவனுக்கே தெரியாது. என் கவலை அதுதான்.

போன வாரம் நடந்ததைக் கேள். 16,000 அடிக்கு மேலே எங்கள் கேம்ப் ஒன்று. ஜார்கண்டின் தும்காவிலிருந்து புதிதாக வந்த ஒரு பையன், எல்லார் தட்டையும் தானே எடுத்துக் கழுவி வைக்கிற ரகம், அதிர்ந்து பேசமாட்டான். அன்று சாயங்காலம் டீ வரத் தாமதமானதற்கு ஸ்டவ்வை எட்டி உதைத்தான். சமையல்காரரைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். வெளியே போய்க் கையுறையைக் கழற்றி வீசிவிட்டுப் பனியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். கூட இருந்தவர்கள் "குடிச்சிருக்கான், தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று படுக்கப் போட ஏற்பாடு பண்ணினார்கள். வாயில் வாடையே இல்லை. தரையில் ஒரு கயிற்றை நேராகப் போட்டு, குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்து என் மேலேயே விழுந்தான். விழுந்தவன் நிமிர்ந்து, "நான் நல்லாத்தான் இருக்கேன் சார், விடுங்க" என்கிறான்! முகத்தில் அப்படி ஒரு தைரியம். சிலிண்டரை மாட்டி ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுவந்தோம். 4,000 அடி இறங்கியதும், "என் கையுறை எங்கே?" என்று கேட்டான். ஆஸ்பத்திரியில் மூளை வீக்கம் என்றார்கள். அன்று ராத்திரி தூங்கவிட்டிருந்தால் எழுந்திருப்பானா என்பது சந்தேகமாம். இப்போது அவனுக்கு எதுவுமே நினைவில்லை. சமையல்காரரைப் பார்த்தால் கூசிப்போய்க் கையெடுத்துக் கும்பிடுகிறான்.

எனக்கு வயிறு எரிகிறதுடா. ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்குகிறவன் கையில் உடனே கடப்பாரையைக் கொடுத்துவிடுகிறார்கள். அவன் தள்ளாடினால் குடிகாரப் பட்டம். 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து சிப்பாய்களை அவசர அவசரமாக மேலே ஏற்றி, பலர் படுத்துவிட்டார்கள். அப்படி நோய்ப்பட்ட 1,925 பேரைப் பற்றி ராணுவ டாக்டர் இந்தர் சிங்கும் கூட இருந்தவர்களும் 1969-லேயே விரிவாக எழுதி வைத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் இப்படி.

இது ஏன் இப்படி ஆகிறது தெரியுமா? மூளையின் எடை உடம்பில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் ஓய்வில் இருக்கும்போதே உடம்பு செலவழிக்கிற ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. வரத்து குறைந்தால் முதலில் பழகின வேலையெல்லாம் ஓரளவுக்கு நடக்கும். வண்டி ஓட்டலாம், பாட்டுப் பாடலாம். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதிதான் சீக்கிரம் தடுமாறும். எடைபோட்டுப் பார்ப்பது, கோபத்தை அடக்குவது, "போதும், திரும்பலாம்" என்று முடிவெடுப்பது எல்லாம் அதன் பொறுப்பு.

1875 ஏப்ரல் 15-ல் பிரான்சில் 'ஜெனித்' என்ற பலூனில் மூன்று பேர் ஏறினார்கள்: டிசாண்டியே, சிவெல், குரோசே ஸ்பினெல்லி. கூடவே ஆக்சிஜன் பைகளும் இருந்தன. 7,000 மீட்டரைத் தாண்டியதும் உடம்பு கட்டையாகிவிட்டது, மனசிலோ ஒரே சந்தோஷம். அந்த நிலைமையில் சிவெல் மணல் மூட்டைகளின் கயிற்றை அறுத்துவிட்டார், பலூன் இன்னும் மேலே போனது. டிசாண்டியே ஆக்சிஜன் குழாயை எடுக்க நினைத்தார், கை எழும்பவில்லை. பிறகு ஒரு தரம் நினைவு வந்தபோது குரோசே ஸ்பினெல்லியும் கையில் கிடைத்ததை வெளியே வீசினார், திரும்பவும் பலூன் ஏறியது. பிழைத்தது டிசாண்டியே ஒருவர்தான், அவருக்கும் காது போய்விட்டது. வேதனையே தெரியவில்லை, உள்ளுக்குள் ஓர் ஆனந்தம் இருந்தது என்று பின்னால் எழுதினார். நீங்கள் கொண்டுபோகிற ஆக்சிஜன் போதாது என்று பால் பேர் என்ற விஞ்ஞானி எச்சரித்துக் கடிதம் போட்டிருந்தார். அது போய்ச் சேர்வதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். இந்தக் கடிதத்தை இன்றைக்கே எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புவது அதனால்தான்.

நீ உடனே "அங்கேயே இருக்கிற உனக்கு?" என்று கேட்பாய். தாழ்வான ஊரில் பிறந்து திபெத்தில் மூன்று வருஷம் இருந்தவர்களைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு குறி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், இன்னொன்று தெரிந்தால் கையை அடக்க வேண்டும். தப்பு ஒன்றும் கூடவில்லை. ஆனால் மூளையின் மின்னலைகளில் வித்தியாசம் இருந்தது, கையை அடக்குகிற அதே காரியத்துக்கு மூளை கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கிறது என்கிறார்கள். படித்தபோது எங்கள் ஆட்களின் முகம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ராத்திரி தூக்கத்தில் இவர்களுக்கு மூச்சு ஏறி இறங்கி, சில நொடி அப்படியே நின்று, திரும்ப வரும். எத்தனை தரம் விழித்துக்கொள்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. காலையில் ஒரு ஸ்பூன் சர்க்கரைக்குச் சண்டை. மனுஷன் கெட்டவன் இல்லைடா, இடம் அப்படி.

அதனால் மதுரையிலேயே, தெளிந்த புத்தியோடு, முடிவெடுத்து எழுதி வைத்துக்கொள். லேயில் முதல் இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும். பாட்டில் கூடவே கூடாது. இதைச் சுந்தரத்திடம் தனியாகச் சொல். கர்துங் லாவில் போட்டோ எடுத்ததும் இறங்கிவிடுங்கள், படுக்கை நுப்ரா பள்ளத்தாக்கில், அது லேயை விடத் தாழ்வு. பாங்காங் 14,000 அடி, அதைக் கடைசியில் வை. மலை உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்று உன் டாக்டரைக் கேள், சல்ஃபா அலர்ஜி இருந்தால் அதையும் சொல். முக்கியமானது இது: மூன்று பேரில் யார் "இறங்கலாம்" என்றாலும் எல்லாரும் இறங்க வேண்டும், விவாதமே கிடையாது. ஒருவன் சிடுசிடுத்தாலும் காரணமில்லாமல் சிரித்தாலும் கயிற்றைப் போட்டு நடக்கவிடு. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அவன் சொல்வதைக் கணக்கில் எடுக்காதே. ஏட்டையா ஒத்துக்கொள்ளமாட்டார், அவரிடம் மீனாவைப் பேசச் சொல், அவள் பேச்சுக்குத்தான் அடங்குவார்.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் மாற்றின பிளானை அனுப்பு. போன் என்றால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூப்பிடு, அப்போதுதான் நான் சிக்னல் இருக்கிற இடத்தில் இருப்பேன். அம்மா அரைக்கிற பருப்புப் பொடி மறக்காதே.

உன்,
பாண்டி