உன் ஏழு தந்தி கிட்டாரைப் பற்றி

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய கிட்டார் பத்திரமாக வந்து சேர்ந்தது. செட்டப் பண்ணி, அதாவது தந்தி உயரம், சுருதி எல்லாம் சரிசெய்து தாருங்கள், அப்படியே உங்கள் அபிப்பிராயத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். போனில் கேட்டால் "நல்லா இருக்கும்மா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவேன். இந்த கிட்டாருக்கு அது போதாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் ருசி உனக்குத் தெரியும். ஒரு டெலிகாஸ்டர், தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் இரண்டு சிங்கிள் காயில் பிக்அப், ஒரு வால்யூம், ஒரு டோன், லேசாக உறுமத் தொடங்கும் நிலையில் ஒரு வால்வு ஆம்ப். 1950-இல் வெளிவந்து 1951-இல் இந்தப் பெயரைப் பெற்ற கிட்டார் அது. இத்தனை வருஷமாக என் கையும் காதும் அதில்தான் பழகியிருக்கின்றன. உன் கிட்டாருக்குத் தலைப்பகுதி இல்லை. தந்தி ஏழு. கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகள் விசிறி மடிப்பு மாதிரி சாய்ந்து விரிகின்றன. உள்ளே 9 வோல்ட் பேட்டரி. இதை என் பழக்கத்தை வைத்து அளந்தால் "இது டெலிகாஸ்டர் இல்லை" என்ற விடைதான் வரும். அது உனக்கு எந்த உபயோகமும் இல்லாத விடை.

அதனால் நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கிக்கொண்டேன். ஒரு பக்கத்தில் கிட்டாரின் குறைகள். இன்னொன்றில் எனக்குப் பிடிக்காதவை. ஒவ்வொன்றையும் எழுதும் முன், இந்தப் பாகம் என்ன வேலைக்காக இப்படிச் செய்யப்பட்டது, அந்த வேலையைச் செய்கிறதா என்று கேட்டுக்கொண்டேன். செய்கிறது, ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை என்றால் அது இரண்டாம் பக்கத்துக்குப் போகும்.

முதலில் ஆம்பில் மாட்டாமலேயே வாசித்தேன். எந்த கிட்டாரையும் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆம்பும் எஃபெக்ட்டும் நிறைய விஷயங்களை மறைத்துவிடும். ஏழு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி, சுரம் நின்று அடங்குகிறதா, நடுவில் சட்டென்று சாகிறதா, எங்காவது கரகரக்கிறதா என்று கேட்டேன். 24 ஃப்ரெட்டுகளில் ஓரிடத்தில்கூடக் கரகரப்பு இல்லை. ஓரங்கள் உள்ளங்கையில் உறுத்தவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட்டை இவ்வளவு சமமாகத் தேய்த்து முடிப்பது கஷ்டமான வேலை. அந்த உலோகம் கடினமானது, கருவிகளைத் தின்றுவிடும். என்னுடையதில் இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த பழைய வகை. அது மிருதுவானது, நாளாக ஆகத் தந்தி பட்டுப் பட்டுக் குழி விழும். உன்னுடையது பல வருஷம் அப்படியே இருக்கும். சுரத்தை உயர்த்தத் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி பென்ட் பண்ணும்போது அது வழுக்கிக்கொண்டு போகிறது. இதைச் செய்தவரின் கையை மனதாரப் பாராட்டுகிறேன்.

அடுத்தது சாய்ந்த ஃப்ரெட். பார்த்தவுடன் இது வெறும் பகட்டு என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியில்லை. உன் ஏழாவது தந்தியின் B சுரம் ஏறக்குறைய 61.7 ஹெர்ட்ஸ். வழக்கமான ஆறு தந்தி கிட்டாரின் கீழ் E 82.4. அவ்வளவு கீழே இறங்கும்போது, அதே 25.5 அங்குல நீளத்தில் தந்தி தொளதொளவென்று ஆகிவிடும். தொளதொளப்பு போகத் தடிமனான தந்தி போட்டால் அது விறைத்துக்கொள்கிறது. விறைத்த தந்தியின் மேல் ஒலிகள் சரியான சுருதியில் நிற்காமல் கொஞ்சம் உயர்ந்துவிடும், சத்தம் கலங்கலாகக் கேட்கும். இதற்கு நல்ல வழி தந்தியை நீளமாக்குவதுதான். ஆனால் எல்லாத் தந்தியையும் நீளமாக்கினால் மேல் தந்திகள் இறுகி, பென்ட் பண்ண முடியாமல் போகும். அதனால் முதல் தந்தி 25.5 அங்குலம், ஏழாவது 27 அங்குலம் என்று வைத்து, இடையில் உள்ளவற்றைப் படிப்படியாக நீட்டியிருக்கிறார்கள். ஒரே தந்தி, ஒரே சுருதி என்றால், அந்த ஒன்றரை அங்குலம் இழுவிசையை ஏறக்குறைய 12 சதவீதம் கூட்டும். ரால்ஃப் நோவாக் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1989-இல். யோசனை அதைவிட மிகப் பழையது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் வாசித்த ஆர்ஃபேரியன் என்ற கம்பி வாத்தியத்திலேயே சாய்ந்த ஃப்ரெட் உண்டு.

கைக்கு எப்படி இருக்கிறது? ஏழாவது ஃப்ரெட் நேராக நிற்கிறது, அதன் சுற்றுப்பக்கத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மேலே போகப் போக மணிக்கட்டு தானாகவே சாய்ந்துகொள்கிறது. சிரமம் முதல் மூன்று ஃப்ரெட்டில்தான். அங்கே ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பார் கார்டு பிடிக்கும்போது ஆள்காட்டி விரலை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்க்க வேண்டியிருக்கிறது. உன் கை சின்னது. அங்கே ஏழு தந்தியையும் ஒரே விரலால் அழுத்த முயலாதே. வேண்டிய மூன்று நான்கு தந்தியை மட்டும் பிடித்து, மற்றதை விரல் நுனியால் மௌனமாக்கு. மணிக்கட்டு வலித்தால் உடனே நிறுத்திவிடு, இதில் பிடிவாதம் வேண்டாம். கழுத்தில் மாட்டி எல்லாத் தந்தியையும் அழுத்தும் சாதாரண கேப்போவும் இதில் சரியாக உட்காராது. எனக்கு அது பெரிய விஷயம், உனக்கு இல்லை. இரண்டாம் பக்கம்.

தலையில்லாத வடிவத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் தலையில்லாத பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தபோது எல்லாருக்கும் விசித்திரமாக இருந்திருக்கும். காரணம் எளிமையானது. கழுத்தின் நுனியில் கனம் இல்லாவிட்டால் கிட்டார் முன்பக்கம் சரியாது. உன்னுடையதைத் தோளில் மாட்டி இரண்டு கையையும் எடுத்துவிட்டேன், அப்படியே நின்றது. எடை இரண்டரைக் கிலோகூட இல்லை. மணிக்கணக்கில் நின்று வாசிக்கிற உன் முதுகுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. சுருதியும் நன்றாக நிற்கிறது. ஒரே ஒரு கவலை, தந்தி மாற்ற ஆலன் கீ வேண்டும். மேடையில் தந்தி அறுந்து, கீ கையில் இல்லையென்றால் அன்றைக்கு வாசிப்பு அவ்வளவுதான். பையின் உள்பக்கம் ஒன்றைத் தைத்து வைத்திருக்கிறேன். இன்னொன்றை ஸ்ட்ராப்பில் கட்டிக்கொள்.

நெக் மெலிசு, விரல் பலகை கிட்டத்தட்டத் தட்டை. டெலிகாஸ்டரைச் செய்கிற ஃபெண்டர் கம்பெனியின் பழைய கிட்டார்களில் பலகையின் வளைவு 7.25 அங்குல ஆரம். கார்டு பிடிக்க அது சுகம். ஆனால் தந்திகளைத் தாழ்வாக வைத்து மேல் ஃப்ரெட்டில் பென்ட் பண்ணினால் தந்தி அடுத்த ஃப்ரெட்டில் முட்டிச் சுரம் செத்துவிடும். தட்டையான பலகையில் அந்தத் தொந்தரவு இல்லை. 12-ஆவது ஃப்ரெட்டில் முதல் தந்தியை 1.5 மில்லிமீட்டருக்கும் ஏழாவதை 2 மில்லிமீட்டருக்கும் இறக்கியிருக்கிறேன், எங்கும் முட்டவில்லை. கட்டை விரலை மேலே மடக்கி பேஸ் சுரம் பிடிக்கிற என் வழக்கம் மட்டும் இந்த அகலத்தில் நடக்காது.

இப்போது பிக்அப். அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

என் பழைய பிக்அப்பில் மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். அந்தச் சிக்னல் கேபிளின் நீளத்தையும் வால்யூம் நாபையும் பொறுத்து மாறும். நாபைக் குறைத்தால் கூர்மை கொஞ்சம் மழுங்கும். அந்த மழுங்கலைத்தான் நான் வாழ்நாள் முழுக்க ஒரு வண்ணமாகப் பயன்படுத்தி வருகிறேன். உன்னுடையது ஆக்டிவ் பிக்அப். அதில் சுற்று குறைவு, சிக்னலைப் பெருக்க உள்ளேயே ஒரு சிறிய ப்ரீஆம்ப், அதற்குத்தான் பேட்டரி. கேபிள் எவ்வளவு நீளமானாலும் கூர்மை போகாது, இரைச்சலும் மிகக் குறைவு. என் ஆம்பில் மாட்டியபோது சத்தம் சுத்தமாக வந்தது, ஆனால் மனதில் ஒட்டவில்லை. மெதுவாக மீட்டுவதற்கும் ஓங்கி மீட்டுவதற்கும் நடுவில் இருக்கிற தூரம் குறுகிப்போனது போல இருந்தது. நாபைக் குறைத்தால் சத்தம் மட்டும் குறைந்தது, நிறம் மாறவில்லை.

என் ஆம்பில் மட்டும் வாசித்துத் தீர்ப்புச் சொல்வது இந்த கிட்டாருக்கு நியாயமில்லை. நீ ரெக்கார்டிங்குக்கு வைத்திருக்கிற செட்டிங்கை அனுப்பியிருந்தாய் அல்லவா, அதைப் போட்டு, சத்தத்தை உறுமவைக்கும் டிஸ்டார்ஷனை நீ வைக்கிற அளவுக்கே ஏற்றி, பாட்டில் திரும்பத் திரும்ப வரும் உன் ரிஃப்பை மெதுவாக வாசித்துப் பார்த்தேன். அப்புறம் என் டெலிகாஸ்டரை அதே செட்டிங்கில் மாட்டினேன். டெலிகாஸ்டர் இரைந்தது. கார்டு பிடித்தால் நான்கு சுரமும் ஒரே கூழாகக் கேட்டது. உன்னுடையதில் அதே நான்கு சுரமும் தனித்தனியாக நின்றன. உள்ளங்கையை வைத்து பாம் மியூட் பண்ணினால் சத்தம் வெட்டினது போல நின்றது, அடுத்த அடி வரும் வரை சுத்தமான மௌனம். உன் பாட்டில் அந்த மௌனமும் தாளத்தின் பாகம், இல்லையா? அதை இந்தப் பிக்அப் காப்பாற்றித் தருகிறது. நான் குறுக்கம் என்று கேட்டதுதான் அங்கே ஒவ்வொரு அடியையும் சமமாக வைக்கிறது. அது என் வாசிப்புக்கு நஷ்டம், உன் வாசிப்புக்கு லாபம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கழுத்துப் பக்கம் இருக்கிற நெக் பிக்அப் மட்டும் கொஞ்சம் உருண்டை குறைவாகக் கேட்கிறது. 24 ஃப்ரெட் வைத்தால் அந்தப் பிக்அப்பை, தந்தியின் கால் பங்கு நீளத்தில் வருகிற அந்த இடத்தில் வைக்க வழியில்லை. அங்கேதான் 24-ஆவது ஃப்ரெட் உட்கார்ந்திருக்கிறது. பிக்அப், தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் தள்ளிப்போகிறது. இரண்டு முழு ஆக்டேவ் வேண்டும் என்றால் கொடுக்க வேண்டிய விலை இது.

நிஜமான குறைகள் என்று முதல் பக்கத்தில் தங்கியவை இவைதான். ஏழாவது தந்தி மற்றவற்றைவிட ஓங்கிக் கேட்டது. பிக்அப்பின் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் இறக்கினேன், சரியாகிவிட்டது. அதிலிருந்த 0.056 அங்குலத் தந்தி நீ அடிக்கிற வேகத்துக்கு மெலிசு, அடித்த கணத்தில் சுருதி மேலே ஏறி அப்புறம்தான் இறங்கியது. 0.062 போட்டு, எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்க பிரிட்ஜில் இன்டொனேஷனையும், கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடையும் அதற்கேற்பச் சரிசெய்திருக்கிறேன். பேட்டரி மூடியை நான்கு ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கிறார்கள், இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவசரத்தில் திறக்க முடியாத இடத்தில் யாராவது பேட்டரி வைப்பார்களா? கேபிளைச் செருகி வைத்திருந்தால் வாசிக்காதபோதும் பேட்டரி கரையும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடு, முக்கியமான நிகழ்ச்சிக்கு முன்னால் புது பேட்டரி போட்டுவிடு.

உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாத இன்னொரு விஷயம். ஜாஸ் வாசித்த ஜார்ஜ் வான் எப்ஸ் 1930-களின் பிற்பகுதியிலேயே ஏழு தந்தி கிட்டார் வாசித்தார். அவருக்கு அது ரிஃப்புக்காக இல்லை, கார்டும் மெலடியும் வாசிக்கும்போதே கீழே பேஸையும் தானே நடத்துவதற்காக. அதை மனதில் வைத்து, டிஸ்டார்ஷனை முழுக்க எடுத்துவிட்டு, எனக்குத் தெரிந்த கார்டுகளின் கீழே அந்த B-யைக் கட்டை விரலால் மீட்டினேன். என் டெலிகாஸ்டரில் கிடைக்கவே கிடைக்காத ஆழம் அது. அந்த ஒரு மாலை, இந்த கிட்டார் எனக்கும் பிடித்தது. உன் பாட்டுகளில் அந்தத் தந்தி எப்போதும் அடிவாங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு பாட்டிலாவது அதை மெதுவாகப் பேச விட்டுப் பாரேன்.

என் கணிப்பு இதுதான். எனக்காக இதை வாங்க மாட்டேன். உனக்கு இதைவிடப் பொருத்தமானதை நானே தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருப்பேனா தெரியாது. வைத்துக்கொள், விற்கிற யோசனை இருந்தால் விட்டுவிடு.

அடுத்த வாரம் அனுப்புகிறேன். பையின் முன்பாக்கெட்டில் இரண்டு செட் தந்தி, ஒரு பேட்டரி, மில்லிமீட்டர் அளவுகளெல்லாம் எழுதிய தாள் ஒன்று இருக்கும். தாளைத் தொலைத்துவிடாதே, அடுத்த தடவை நீயே செட்டப் பண்ண வேண்டும். வந்ததும் ஏழாவது தந்தியின் 12-ஆவது ஃப்ரெட்டை ட்யூனரில் பார்த்து, பயணத்தில் ஏதாவது அசைந்திருந்தால் உடனே சொல்.

அன்புடன்,
அப்பா