வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஹஜ்ரத் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

நமது மஹல்லா வாசகர் வட்டத்தின் ஓராண்டுப் பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மீலாது விழாவையொட்டி மாணவர்களுக்குப் பேச்சுப்போட்டி நடத்தப்பட்டது. ரமலானில் ஒருநாள் இஃப்தார் நிகழ்ச்சி நம் செலவில் நடந்தது. பள்ளி திறப்பின்போது நோட்டுப் புத்தகங்கள் வழங்கப்பட்டன. வாசிப்பறையில் ஒரு மின்விசிறி மாற்றப்பட்டது.

இனி, சென்ற பொதுக்குழுவின் முக்கியத் தீர்மானத்துக்கு வருகிறேன். முந்தைய வேதங்களில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றிய முன்னறிவிப்புகளைத் தொகுத்து ஒரு சிறுநூலாக வெளியிடுவது என்று கைதட்டலோடு தீர்மானித்தோம். தொகுக்கும் பொறுப்பு அடியேனிடம் தரப்பட்டது. அந்நூல் ஏன் இன்னும் வெளிவரவில்லை என்று இந்த ஓராண்டில் என்னிடம் கேட்டவர்கள் பலர். வாசிப்புக் கூட்டத்துக்கு வந்திருந்தால் அவர்களுக்கு அக்கேள்வியே எழுந்திராது என்பதை வருத்தத்தோடு சொல்லிக்கொண்டு, விவரத்தைப் பதிவு செய்கிறேன்.

என்னிடம் தரப்பட்ட மூலப்படி, ஏதோ ஒரு துண்டறிக்கையிலிருந்து பெயர்த்தெழுதிய எட்டுப் பக்கங்கள். வசன எண்கள் சில தவறாக இருந்தன. சிலவற்றில் எண்ணே இல்லை. நம் வட்டத்தின் பெயரைத் தாங்கி வரும் நூலில், நாம் ஒருமுறையேனும் கண்ணால் படித்துப் பார்க்காத வசனம் எதுவும் இடம்பெறக்கூடாது என்று முடிவுசெய்து, மாதம் ஒரு கூட்டமாகப் பதினொரு கூட்டங்கள் நடத்தினேன். குர்ஆன் தமிழாக்கம் ஒரு கையிலும், பழைய திருப்புதல் தமிழ் பைபிள் மறு கையிலுமாக இஷாவுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் படிப்பது என்பது ஏற்பாடு.

நம் அடிப்படையில் ஐயம் எதுவும் இல்லை. வேதக்காரர்கள் தங்களிடமுள்ள தவ்ராத்திலும் (தோரா) இன்ஜீலிலும் (நற்செய்தி) எழுதப்பட்டிருக்கக் காணும் உம்மி (எழுத்தறியாத) நபி என்று அல்அஃராஃப் அத்தியாயத்தின் 157ஆம் வசனமும், தமக்குப் பின் வரவிருக்கும் அஹ்மத் என்னும் பெயருடைய தூதரைப் பற்றி ஈஸா (இயேசு, அலை) நற்செய்தி கூறியதாக அஸ்ஸஃப் அத்தியாயத்தின் 6ஆம் வசனமும் கூறுகின்றன. அந்த அறிவிப்பு எந்த ஏட்டில், எந்தச் சொல்லில் இருக்கிறது என்பதைக் குர்ஆன் குறிப்பிடவில்லை. அதைத் தேடியது அறிஞர்களின் வேலை. அவர்கள் தேடிய விதத்துக்கும் நம் துண்டறிக்கை தேடிய விதத்துக்கும் உள்ள தூரம்தான் எங்கள் பதினொரு கூட்டங்களின் கதை.

முதல் இரண்டு கூட்டங்களில் யோவான் நற்செய்தியைப் பார்த்தோம். 'வேறொரு தேற்றரவாளனை அவர் உங்களுக்குத் தந்தருளுவார்' என்று 14ஆம் அதிகாரத்தில் வருகிறது. கிரேக்க மூலத்தில் இச்சொல் 'பராக்லேட்டோஸ்'. மூலத்தில் 'புகழப்பட்டவர்' என்று பொருள்தரும் 'பெரிக்லூட்டோஸ்' என்றே இருந்தது, பின்னர் திருத்திவிட்டார்கள் என்று நம் துண்டறிக்கை அடித்துச் சொல்கிறது. ஆனால் கைக்குக் கிடைத்துள்ள பழைய கிரேக்கப் பிரதிகளில் ஒன்றிலும் அப்படி இல்லை. அதைவிட முக்கியமாக, எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு இஸ்ஹாக்குக்கு இந்த எழுத்து மாற்ற வாதமே தேவைப்படவில்லை. இப்னு ஹிஷாம் வழியாக நமக்குக் கிடைத்துள்ள அவருடைய சீராவில், அதாவது நபிகளின் வாழ்க்கை வரலாற்றில், யோவான் 15ஆம் அதிகாரத்தின் இறுதி வசனங்கள் அரபியில் தரப்பட்டு, அங்கே 'முனஹ்ஹெமானா' என்ற சொல் வைக்கப்பட்டிருக்கிறது. கிரேக்கத்தில் அது பராக்லேட்டோஸ் என்ற குறிப்பும் உடன் இருக்கிறது. முனஹ்ஹெமானா என்பது பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களின் அரமேயச் சொல். பொருள், ஆறுதல் அளிப்பவர். நம் தமிழ் பைபிளின் தேற்றரவாளன் அதே பொருள்தான். ஆக, அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்பதே இப்னு இஸ்ஹாக்கின் வாதம். எழுத்து மாறிவிட்டது என்பது அல்ல.

இதே கிரேக்கச் சொல் யோவானின் முதலாம் நிருபம் 2:1இலும் வருகிறது. அங்கே தமிழ் பைபிள் அதைத் தேற்றரவாளன் என்னாமல், இயேசுவைக் குறித்துப் 'பரிந்து பேசுகிறவர்' என்கிறது. தமிழில் மட்டும் படிப்பவருக்கு இரண்டும் ஒரே சொல் என்பதே தெரியவராது. நற்செய்தியில் 'வேறொரு' என்ற அடைமொழி ஏன் வந்தது, ஈஸா (அலை) அவர்களும் ஒரு தேற்றரவாளர்தானா, அப்படியானால் வேறொருவரும் ஒரு மனிதத் தூதராக இருக்கலாமே என்று நம் அறிஞர்கள் வைக்கும் வாதத்துக்கு இதில்தான் பிடிப்பு இருக்கிறது. அதே அதிகாரத்தின் 26ஆம் வசனம் தேற்றரவாளனைப் 'பரிசுத்த ஆவி' என்று வெளிப்படையாகச் சொல்வதும், கிறிஸ்தவர்கள் அதையே விடையாக வைப்பதும் எங்கள் குறிப்பேட்டில் மறைக்காமல் எழுதப்பட்டுள்ளன. பாக்தாதில் கலீஃபா அல்மஹ்தி, கிழக்குத் திருச்சபையின் தலைவர் திமொத்தேயுவிடம் ஏறத்தாழ 782இல் இதே கேள்வியைக் கேட்டு, இதே விடையைப் பெற்றார். ஏசாயா 21இல் கழுதைமேல் வருபவரும் ஒட்டகத்தின்மேல் வருபவரும் ஈஸாவும் நபிகளுமே என்ற கருத்தோடு, அவர்கள் யார் என்று கலீஃபா கேட்க, மேதியனாகிய தரியுவும் பாரசீகனாகிய கோரேசும் என்றார் திமொத்தேயு. அந்த உரையாடலில் எவரும் நாற்காலியைத் தூக்கவில்லை. அதைப் படித்த அன்று நம் கூட்டத்தில் ஏறத்தாழ அது நடந்தது என்பதையும் உண்மைக்காகப் பதிவு செய்கிறேன்.

உபாகமம் 18:18, 'உன்னைப்போல ஒரு தீர்க்கதரிசியை' அவர்கள் சகோதரரிலிருந்து எழுப்புவேன் என்கிறது. மூஸா (மோசே, அலை) அவர்களைப் போலச் சட்டமும் சமூகமும் தந்தவர் யார், இஸ்ரவேலரின் சகோதரர் என்போர் இஸ்மவேலர் அல்லரா என்ற நம்மவர் வாதம் வலுவானது. ஏசாவின் வழித்தோன்றல்களை 'உங்கள் சகோதரர்' என்று அதே உபாகமம் 2ஆம் அதிகாரத்தில் சொல்வது இதற்குத் துணை. யோவான் 1ஆம் அதிகாரத்தில் யூதர்கள் யஹ்யா (யோவான் ஸ்நானகன், அலை) அவர்களிடம் நீர் கிறிஸ்துவா, எலியாவா, அந்தத் தீர்க்கதரிசியா என்று மூன்றாகக் கேட்பதும் துணை. எதிர்ப்பக்கத்தில், 18:15இல் 'உன் நடுவே' என்ற சொல் இருக்கிறது. 17:15இல் சகோதரன் என்ற சொல் அந்நியனுக்கு எதிர்ச்சொல்லாகவே நிற்கிறது. அப்போஸ்தலர் 3இல் பேதுரு இதை இயேசுவுக்கே பொருத்துகிறார். துண்டறிக்கை முதல் பாதியை மட்டும் அச்சிட்டிருந்தது.

உபாகமம் 33:2இல் சீனாய், சேயீர், பாரான் என்ற மூன்று மலைகள் தவ்ராத், இன்ஜீல், குர்ஆன் என்ற மூன்று வேதங்களைக் குறிப்பன என்ற விளக்கம் நம்மிடையே மிகப் பழையது. ஆதியாகமம் 21இல் இஸ்மாயீல் (அலை) குடியிருந்த இடம் பாரான் வனாந்தரம் என்று இருப்பதால், நம் முன்னோர் அதை மக்காவாகக் கொண்டார்கள். 'பிரகாசித்து' என்பது நடந்து முடிந்ததைச் சொல்கிறதேயன்றி வரப்போவதை அன்று என்பது யூத அறிஞர் மைமோனிடீஸ் 1172ஆம் ஆண்டளவில் ஏமன் நாட்டு யூதர்களுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் கொடுத்த பதில்.

அக்கடிதம் ஆறாவது கூட்டத்தை முழுமையாக எடுத்துக்கொண்டது. ஆதியாகமம் 17:20இல் இஸ்மாயீலை மிகவும் பெருகச் செய்வேன் என்ற இடத்தில் எபிரேயத்தில் 'பிமெஓத் மெஓத்' என்று இருக்கிறது. அவ்வெழுத்துகளைக் கூட்டினால் 92 வரும். முஹம்மது என்ற பெயரின் அப்ஜத் எண்ணும் (அரபி எழுத்துகளுக்குரிய எண்மதிப்பின் கூட்டுத்தொகை) 92. கணித அறிஞரும், 1163இல் யூத மதத்திலிருந்து இஸ்லாத்துக்கு வந்தவருமான சமவ்அல் அல்மக்ரிபி இதைத் தம் நூலில் எழுதினார். பிஸ்மில்லாஹ்வின் எண்ணாகிய 786ஐத் தலைப்பில் போடாமல் கல்யாணப் பத்திரிகையே அடிக்காத ஊர் இது. எனவே இந்தக் கணக்கு நம்மவர்களுக்கு உடனே இனித்தது. மைமோனிடீஸின் மறுப்போ எளிது: ஈஸா (அலை) சொன்ன பெயர் அஹ்மத் என்று நீங்களே சொல்கிறீர்கள், அதன் எண் 92 அன்று. கூட்டிப் பார்த்தோம்; 53. எண் வாதத்தைச் சிறுநூலிலிருந்து நீக்குவது என்று அன்று வந்திருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் ஒப்புக்கொண்டார்கள்.

ஈஸா (அலை) முஹம்மது நபியைப் பெயர் சொல்லியே முன்னறிவிப்பதாக வரும் பர்னபா சுவிசேஷம் பற்றிய பக்கத்தை நான் நீக்கியதுதான் பெருங்குற்றமாகச் சொல்லப்படுகிறது. காரணத்தைப் பொதுக்குழு அறியட்டும். அதன் இத்தாலியப் பிரதி வியன்னா நூலகத்தில் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்பது ஆய்வாளர் கருத்து. 1908இல் ரஷீத் ரிளா கெய்ரோவில் இதன் அரபி மொழிபெயர்ப்பை வெளியிட்ட பிறகே முஸ்லிம் உலகில் இது பரவலாயிற்று. இதில் யூபிலி என்னும் விடுதலை ஆண்டு நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. தவ்ராத்தில் அது ஐம்பதாம் ஆண்டு. நூறு என்பது 1300இல் ரோமாபுரிப் போப் ஏற்படுத்திய வழக்கம். இவை இருக்கட்டும். இந்நூலில் ஈஸா (அலை) தாம் மஸீஹ் (மேசியா) அல்ல என்கிறார். குர்ஆன் அவரை அல்மஸீஹ் என்றே அழைக்கிறது. குர்ஆனோடு முரண்படும் ஒரு நூலைக் குர்ஆனுக்குச் சான்றாக எப்படி அச்சிடுவது என்று நான் செயற்குழுவில் கேட்ட கேள்விக்கு இன்றுவரை எழுத்துமூலப் பதில் வரவில்லை.

தமிழ் பைபிளில் மட்டும் தேடுவதால் வரும் இடரையும் குறிப்பிட வேண்டும். சங்கீதம் 84:6இன் 'பாக்கா' பள்ளத்தாக்கை மக்காவின் பழம்பெயரான பக்காவோடு நம் அறிஞர்கள் சேர்த்துப் பார்ப்பார்கள். தமிழில் அது 'அழுகையின் பள்ளத்தாக்கு' என்று பெயர்க்கப்பட்டிருப்பதால் பெயரே காணாமற்போய்விடுகிறது. மதீனாவின் ஸல்உ மலையோடு நம்மவர் சேர்த்துப் பார்க்கும் ஏசாயா 42:11இன் 'சேலா' தமிழில் 'கன்மலைகள்' ஆகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இதை வேண்டுமென்றே செய்தார்கள் என்று கொதித்த இளைஞர்களுக்கு, இஸ்மாயீலின் மகன் கேதாரின் வழியினரான 'கேதாரியர்' அதே வசனத்தில் அப்படியே இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்தேன்.

இவ்விடத்தில் ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவரை இரண்டு கூட்டங்களுக்கு அழைத்துக் கிரேக்கச் சொற்களுக்கு விளக்கம் கேட்டது பற்றியும், பள்ளிவாசலை ஒட்டிய அறையில் பைபிள் வாசிக்கப்பட்டது பற்றியும் நிர்வாகத்துக்குக் கையெழுத்தில்லாத புகார் ஒன்று போனதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த அல்பிகாஈ, தம் குர்ஆன் விரிவுரையில் தவ்ராத்தையும் இன்ஜீலையும் நேரடியாக எடுத்தாண்டதற்காகப் பெரும் எதிர்ப்புக்கு ஆளானார். அஸ்ஸகாவீ அவரைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். அல்பிகாஈயும் அவ்வழக்கம் கூடும் என்று நிறுவி ஒரு நூல் எழுதினார். என்னை அவரோடு ஒப்பிட்டுக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அஸ்ஸகாவீ தம் கண்டனத்தில் தம் பெயரைப் போட்டுத்தான் எழுதினார் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். 1854 ஏப்ரலில் ஆக்ராவில் பாதிரியார் பிஃபாண்டரோடு வாதிட்ட மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவீ பைபிளைப் படிக்காமல் மேடை ஏறவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வருகைப் பதிவேட்டின்படி உறுப்பினர் அறுபத்து நான்கு பேரில், ஐந்து கூட்டங்களுக்கு மேல் வந்தவர்கள் ஏழு பேர். அதில் இருவர் செயற்குழுவினர். அவ்விருவரில் ஒருவன் நான். வேறூர்ப் பேச்சாளர் வந்து இதே பொருளில் ஒலிபெருக்கியில் பேசிய இரவில் நாற்காலி போதாமல் வாடகைக்கு எடுக்க நேர்ந்தது என்பதும் நாம் அறிந்ததே.

சிறுநூலின் திருத்திய படி இப்போது முப்பது பக்க அளவில் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு முன்னறிவிப்புக்கும் நம் அறிஞர் வாதம், யூதர் அல்லது கிறிஸ்தவர் மறுப்பு, அதற்கு நம் பதில் என்ற ஒழுங்கில் எழுதியிருக்கிறேன். இப்னு இஸ்ஹாக் தொடங்கிக் கைரானவீ வரையிலான விவரமும், நம் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் புகைறா என்னும் துறவி முந்தைய வேதங்களைக் கற்றறிந்த அறிவால் சிறுவராகிய நபிகளை அடையாளங்கண்டதைப் பாடிய செய்தியும் பின்னிணைப்பில் உண்டு. பழைய படிக்காக அச்சகத்துக்குக் கொடுத்த முன்பணம் திரும்பாது என்று தெரிகிறது. அதை நட்டம் என்று எழுதுவதா, தவறான எட்டுப் பக்கங்கள் வெளிவராமல் தடுத்த செலவு என்று எழுதுவதா என்பதைப் பொருளாளர் முடிவுக்கே விடுகிறேன்.

வரவு செலவைப் பொருத்தவரை, சென்ற ஆண்டு இருப்பும் இவ்வாண்டு நன்கொடைகளும் சேர்ந்து செலவுகளை ஏறத்தாழ ஈடுசெய்துள்ளன. சிறு பற்றாக்குறை தற்போதைக்கு ஒரு செயற்குழு உறுப்பினரின் கைப்பணத்தால் சமாளிக்கப்பட்டது. அந்த உறுப்பினர் யார் என்று கூற அவர் விரும்பவில்லை. இந்த அறிக்கையை எழுதுபவருக்கு அவரை நன்றாகத் தெரியும். ஆண்டுச் சந்தா முந்நூறு ரூபாயைச் செலுத்தியவர்கள் இருபத்தேழு பேர். மூன்றாண்டு நிலுவை வைத்திருப்பவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் அது என் பையிலேயே இருக்கிறது.

வழிகாட்டிய ஹஜ்ரத் அவர்களுக்கும், அறை தந்த நிர்வாகத்துக்கும், தேநீர் தந்துதவிய கடைக்காரருக்கும், ஒலிபெருக்கி அமைத்தவருக்கும் வட்டத்தின் நன்றி.

வரும் ஆண்டில் ஏசாயா 42ஆம் அதிகாரத்தையும், ஒன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்திலிருந்து இஸ்லாத்துக்கு வந்த அலீ இப்னு ரப்பான் அத்தபரீ அதற்குத் தந்த விளக்கத்தையும் படிக்க எண்ணம் இருக்கிறது. சிரியாக் மொழி பைபிளில் புகழைக் குறிக்கும் சொல் வரும் இடங்களையெல்லாம் முஹம்மது என்ற பெயரின் அடையாளமாக அவர் கண்ட முறை தனியே ஓராண்டுக்குப் போதுமானது. அச்சிட, நிலுவைச் சந்தாவில் பாதி வந்தாலே போதும். செயலாளர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்பதாயின் குறிப்பேடுகள் மூன்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார்; யாரும் முன்வராவிட்டால் எனக்கு வேறு வழியில்லை. நூலகத்திலிருந்து சென்ற தை மாதம் எடுத்துச் செல்லப்பட்ட பழைய திருப்புதல் தமிழ் பைபிளை, எடுத்தவர் யாராயினும், முதல் கூட்டத்துக்கு முன் மேசைமேல் வைத்துவிட்டால் போதும். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
செயலாளர்