இலங்கைக் கலவரத்தில் இருந்து வந்த முதியவர்களுக்கு மனநல மருத்துவம் கோரி மனு

அனுப்புநர்:
தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: தாயகம் திரும்பிய முதியோருக்கு லைன் வீடுகளிலேயே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மனநல மருத்துவம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அம்மாவுக்கு 76 வயது. போன மாதம் ஒரு ராத்திரி, எங்கள் லைனுக்குக் கீழே யானை இறங்கியதால் விரட்டுவதற்கு வெடி போட்டார்கள். முதல் வெடிச் சத்தத்திலேயே அம்மா எழுந்து விளக்கை அணைத்தார். தூங்கிக் கொண்டிருந்த என் மகளை இழுத்து மடியில் போட்டு, அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "அழாதே சாமி, வந்துருவாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கையை எடுக்க எனக்கு வெகு நேரம் பிடித்தது.

1977 ஆகஸ்டில் இலங்கையில் கலவரம் மலையகத் தோட்டங்களுக்குள்ளும் வந்தபோது, அம்மா குடியிருந்த லயத்துக்கு (அங்கத்திய வரிசை வீடு) கலவரக்காரர்கள் தீ வைத்தார்கள். அம்மா கைக்குழந்தையான என் அண்ணனோடு விடியும்வரை தேயிலைச் செடிகளுக்குள் படுத்துக் கிடந்தார். குழந்தை அழுதுவிடாமல் வாயைப் பொத்தியிருந்தார். இதை அவர் என்னிடம் சொன்னதே இரண்டு வருடம் முன்னால்தான். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி வந்தது, மண்டபம் முகாம், இங்கே முப்பது வருடம் கொழுந்து பறித்தது எல்லாம் சொல்வார். அந்த ராத்திரியை மட்டும் சொன்னதில்லை.

இந்தியாவும் இலங்கையும் 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அவர்களுக்கு வேலை தரவே 1968இல் அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதற்கு நாங்கள் என்றும் நன்றி உள்ளவர்கள். வேலை கிடைத்தது, லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பதில் லைன் வீடும் கிடைத்தது. மனசுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் அன்று யாரும் கேட்கவில்லை. உழைக்கிற காலத்தில் அது அடங்கிக் கிடந்தது. கை ஓய்ந்து, துணையும் போய், நேற்று நடந்தது மறக்கத் தொடங்கும் வயதில் பழையது மேலே வருகிறது. எங்கள் லைனில் மட்டும் இப்படிப் பலர் இருக்கிறார்கள். ஒரு தாத்தா இன்றும் குடும்ப அட்டையை மஞ்சப்பையில் சுருட்டித் தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பார். வீட்டைக் காலி செய்வது பற்றி யாராவது பேசினால் அன்று அவர் சாப்பிடுவதே இல்லை.

அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். "வயசாயிடுச்சுமா, அப்படித்தான்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மனநல மருத்துவரைப் பார்க்க ஊட்டிக்குப் போகலாம் என்றால், ஏறக்குறைய 75 கிலோமீட்டர் மலைப்பாதை. பாதி வழியிலேயே அவருக்குத் தலைசுற்றி வாந்தி வந்துவிடும். 14416 என்ற மனநல உதவி எண் நல்ல உதவிதான், ஆனால் முகம் தெரியாதவரிடம் போனில் அம்மா வாய் திறப்பதில்லை.

அரசு மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் மாதம் ஒருமுறையாவது எங்கள் பக்கத்து லைன்களுக்கு வர உத்தரவிட வேண்டுகிறேன். வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை தரும் நாளிலேயே வந்தால் போதும். தயவுசெய்து 'மனநோய்' என்று போர்டு மட்டும் வைக்க வேண்டாம், ஒருவரும் வரமாட்டார்கள். மாத்திரை கொண்டு வரும் சகோதரிகள் எங்கள் ஊர்க்காரர்கள். ராத்திரி தூங்குகிறீர்களா, எதற்காவது பயமாக இருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால், அவர்களிடம் பாட்டிமார் பேசுவார்கள்.

அப்புறம் யானை வெடி. அது இல்லாமல் முடியாது என்று எங்களுக்கும் தெரியும். வெடி போடும் முன் லைனில் ஒருவருக்குப் போன் செய்தால், நாங்கள் பெரியவர்களை எழுப்பி, "யானைக்குத்தான்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம். வனத்துறைக்கு இதைத் தாங்கள் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு இந்த மழைக்காலத்துக்கு முன்பாவது ஒரு மருத்துவர் வந்து பார்க்க ஆவன செய்யுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: எங்கள் லைனில் உள்ள 11 முதியவர்களின் கையெழுத்தும் கைநாட்டும்.