சிட்லபாக்கம் சைக்கிள் வழிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கத்திலிருந்து சிட்லபாக்கம் ஏரிக்கரை வரை, உள்தெருக்கள் வழியாகவே சைக்கிளில் போய்வர 1.8 கிலோமீட்டர் வழி அமைக்கத் திட்டம் தயார் செய்திருக்கிறோம். மதிப்பீடு 9 லட்சம் ரூபாய். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு தரும். ஆகவே நாம் திரட்ட வேண்டியது 3 லட்சம். நீங்கள் தரும் ஒவ்வொரு ரூபாயும் தெருவில் மூன்று ரூபாய் வேலையாக நிற்கும்.

தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே பிள்ளைகளை சைக்கிளில் அனுப்ப எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. அரசு கொடுத்த சைக்கிளில் பிளஸ் 1, பிளஸ் 2 போகும் பிள்ளைகளும், மெப்ஸ் ஏற்றுமதித் தொழில் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும், பூவும் பாலும் கொண்டுபோகிறவர்களும் ஏற்கெனவே இந்த உள்தெருக்களில்தான் போகிறார்கள். அவர்கள் போகும் தடத்தைப் பத்திரமாக்குவதுதான் வேலை.

முதலில் மழைநீர் வடிகால் மூடிகள். நம் சைக்கிள் டயர் சுமார் 4 சென்டிமீட்டர் அகலம். மூடியின் கம்பிகள் அதைவிட அகலமான இடைவெளி விட்டு, சாலைப் போக்கிலேயே நீளமாக இருந்தால் முன்சக்கரம் அப்படியே உள்ளே இறங்கி, ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். வழியில் இப்படி 14 மூடிகள் இருக்கின்றன. கம்பிகள் குறுக்கே ஓடும் மூடிகளாக மாற்றி, சாலை மட்டத்துக்குச் சரியாக உட்கார வைக்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் மூடி பள்ளமாகிவிடும். அதனால் மூடியைத் தூக்கி வைக்கும் வேலை தனிக் கணக்காகவே மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறது.

அடுத்து, சைக்கிள் தடத்தைக் காட்டும் சாலைக் கோடு. சாதாரண பெயின்ட் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. சூடாக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் கோடு, 10 சென்டிமீட்டர் அகலத்தில், 2.5 மில்லிமீட்டர் கனத்தில், இரு பக்கமும் சேர்த்து 360 சதுர மீட்டர் வருகிறது. சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ பிடிக்கும். இரவில் மின்ன, கோடு ஆறும் முன்பே கண்ணாடி மணிகளைத் தூவ வேண்டும். தரையில் ஈரம் இருந்தால் கோடு தகடு தகடாக உரிந்து வரும். எனவே வடகிழக்குப் பருவமழை முடிந்து, தரை நன்றாகக் காய்ந்த பிறகுதான் இந்த வேலை. குடிநீர், பாதாளச் சாக்கடை, மின்கேபிள் தோண்டல் எதுவும் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்காமல் கோட்டில் கைவைக்கக் கூடாது என்பதில் குழு உறுதியாக இருக்கிறது.

ஏரிக்கரை நுழைவுகளில் 36 இரும்புக் குழாய்த் தூண்கள். இரண்டு தூண்களுக்கு இடையே 1.2 மீட்டர் விட வேண்டும். ஆட்டோவின் அகலம் சுமார் 1.3 மீட்டர், நுழையாது. சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். பைக் நுழைவதைத் தூணால் தடுக்க முடியாது. அதற்கென்று இடைவெளியைக் குறுக்கினால் முதலில் தடைபடுவது சக்கர நாற்காலிதான். குழாய்க்குள் கான்கிரீட் நிரப்பி, தரைக்குள் 45 சென்டிமீட்டர் இறக்கினால்தான் வண்டி இடித்தாலும் சாயாது.

வழியில் உள்ள நான்கு வேகத்தடைகளும் குறுகலாக, கூனல் முதுகு போல நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு, சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் அளவுப்படி 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரத்தில் மீண்டும் அமைக்க வேண்டும்.

ரயில் நிலையத்தருகே 20 சைக்கிள் நிறுத்தங்கள். ‘ப’ எழுத்தைக் கவிழ்த்து வைத்த வடிவில் வளைத்த குழாய், ஒன்றில் இரண்டு சைக்கிள். சக்கரத்தை மட்டும் செருகும் ஸ்டாண்டில் பக்கத்து வண்டி சாய்ந்தால் ரிம் கோணிவிடும், பூட்டவும் சட்டம் எட்டாது. குழாய்களுக்கு நடுவே 1 மீட்டர் விட்டால் ஹேண்டில்பார்கள் சிக்காது. ஒரு நிறுத்தத்துக்கு 5,000 ரூபாய் ஆகும்.

மழைக்குப் பிறகு ஓரத்தில் சேரும் மணலை வாருவதற்கு அரசுப் பங்கு கிடையாது. மணலில் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும் என்பதால் அதை விடவும் முடியாது. அந்தச் செலவுக்கு மாதம் 100 ரூபாய் தர முன்வருபவர்களின் பெயர்களைத் தனியாகக் குறித்துக்கொள்கிறோம்.

ஞாயிறுதோறும் காலை 7 முதல் 9 மணி வரை ஏரிக்கரையில் வரைபடத்துடனும் ரசீதுப் புத்தகத்துடனும் இருப்போம். 2,000 ரூபாய்க்கு மேல் காசோலையாகத் தாருங்கள். மக்கள் பங்கு முழுவதும் மாநகராட்சிக் கணக்கில் கட்டப்படும். கட்டிய சலான் நகல் நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் தரப்படும். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்காவிட்டால் ரசீதைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சைக்கிள் வழிக் குழுவினர்